வினைல் படுத்திய பாடு

போன இதழில் ஒரு கல்லூரி மாணவர், ‘வினைல் வினைல் என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?’ என்று கேட்டிருந்தார். நானும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி, ‘பழைய ரெக்கார்டுக்கு இப்போது வைத்திருக்கும் புதுப் பெயர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் சேலம் ஜில்லாவில் வினைலைத் தொடாமல் பிழைக்கிற ஆளே கிடையாது போலிருக்கிறது. திட்டு, திருத்தம், சந்தேகம் என்று வந்ததில் சிலவற்றுக்கு மட்டும் இந்த வாரம் பதில். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினெட்டு வருஷமாக ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். தினம் மீட்டர் கணக்கில் வினைல் வெட்டுகிறேன். அதில் ஒரு பாட்டும் கேட்டதில்லை. ரெக்கார்டுதான் வினைல் என்றால் என் கடையில் ரோல் ரோலாக இருப்பது என்ன?

வாசகர், சேலம் டவுன்

அண்ணா, தப்பு என்னுடையதுதான். உங்கள் ரோலும் வினைல், ரெக்கார்டும் வினைல், இரண்டும் பி.வி.சி என்கிற ஒரே வீட்டுப் பிள்ளைகள். பி.வி.சி என்பது பாலி வினைல் குளோரைடு. நடுவில் இருக்கிற அந்த ‘வினைல்’ மட்டும் தனியாகக் கழன்று வந்து ஒவ்வொரு தொழிலிலும் ஒவ்வொரு பொருளுக்குப் பெயராக உட்கார்ந்துகொண்டது. உங்கள் தொழிலில் அது மெல்லிய படலம். பின்னால் பசை, அதற்குப் பின்னால் உரித்துப் போடும் பேப்பர். பக்கத்துக் கடைக்காரர் சதுர அடிக் கணக்கில் அடித்துத் தரும் பிளெக்ஸும் அதே சரக்குதான், நடுவில் பாலியஸ்டர் நூல் வலை வைத்து இரண்டு பக்கமும் பி.வி.சி பூசியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதைப் போய் யாரும் வினைல் என்று கேட்பதில்லை. பிளெக்ஸ் என்றால் பிளெக்ஸ்.

உங்களைக் கேட்க எனக்கும் ஒன்று இருக்கிறது. சங்ககிரி லாரிகளின் பின்னால் இரவில் பளபளக்கிறதே, அதை ‘ரேடியம்’ என்கிறீர்களே, அதில் ரேடியம் எங்கே இருக்கிறது? பொடிப் பொடிக் கண்ணாடி மணிகள், இல்லையென்றால் சின்னச் சின்னப் பட்டகங்கள் (பிரிசம்), வருகிற வெளிச்சத்தை வந்த வழிக்கே திருப்பி அனுப்புகின்றன. நிஜ ரேடியத்தை ஒட்டியிருந்தால் டிரைவர், கிளீனர், வெட்டிக் கொடுத்த நீங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பீர்கள். ஆக பெயர் விஷயத்தில் நான் மட்டும் தப்பு பண்ணவில்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

ரெக்கார்டும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. வினைல் என்பது எத்திலீன் வாயுவில் ஒரு ஹைட்ரஜனை எடுத்தால் மிஞ்சுகிற அணுத் தொகுதி. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறேன், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றாவது தெரியுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், மேட்டூர்

தெரியும் ஐயா. தெரியாவிட்டாலும் உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்துப் படித்திருப்பேன்.

இரண்டு கார்பன், மூன்று ஹைட்ரஜன், நடுவில் இரட்டைப் பிணைப்பு. இதற்கு வினைல் என்று பெயர் வைத்தவர் ஹெர்மன் கோல்பே என்ற ஜெர்மன் வேதியியலார் என்று சொல்கிறார்கள், 19-ம் நூற்றாண்டின் நடுவில். லத்தீனில் ‘வீனும்’ என்றால் திராட்சை மது. அந்தக் காலத்தில் சாராயத்தில் கந்தக அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்சித்தான் எத்திலீன் எடுத்தார்கள், அதனால் மது சம்பந்தம். பின்னால் இருக்கிற ‘இல்’ கிரேக்கத்து ‘ஹூலே’யிலிருந்து வந்தது, கட்டை என்றும் பொருள் என்றும் அர்த்தம். ஆக வினைல் என்றால் மதுச்சரக்கு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வினைலின் அண்ணன் மெத்தில் கதை. கிரேக்கத்தில் ‘மெத்து’ என்றாலும் மதுதான்; அந்த மெத்துவும் சமஸ்கிருத ‘மது’வும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். நாம் சாதாரணமாகச் சொல்லும் மதுவுக்கும் பாடப்புத்தகத்து மெத்தில் ஆல்கஹாலுக்கும் உறவு இருக்கிறது என்பதை என் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் நான் வேதியியலில் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன். (உங்களைச் சொல்லவில்லை.)

இன்னொன்று. வினைல் ஆல்கஹால் என்று ஒன்றைப் பாட்டிலில் வாங்க முடியாது, உருவான வேகத்திலேயே அசிட்டால்டிஹைடாக மாறிவிடும். மதுவின் பெயரை வைத்துக்கொண்டு பாட்டிலில் நிற்காத ஒரே ஆள் அதுதான்.

உங்கள் ஊரில் 1934-ல் அணை கட்டி முடித்து, மின்சாரம் வந்து, உப்பிலிருந்து குளோரின் பிரிக்கும் ஆலை வந்து, 1960-களில் பி.வி.சி-யும் தயாராக ஆரம்பித்தது. பி.வி.சி-யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின், அதாவது பாதிக்கு மேல் நம் சமையலறை உப்பின் பங்கு. மீதி எத்திலீனுக்குப் பெட்ரோலியத்தை மட்டும் நம்பாமல், கரும்பாலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய எரிசாராயத்திலிருந்து எடுக்கிற வழியும் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது. கோல்பே வைத்த பெயருக்கு இதைவிட மரியாதை யார் செய்ய முடியும்?

வினைலா, வைனிலா, வைனலா?

வாசகர், தாரமங்கலம்

ஆங்கிலேயர் வாயில் வைனல். நம் பாடப்புத்தகத்தில் வினைல். வைனில் என்பது பாத்ரூம் தரை விற்கிற பையன் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள், அவரைத் திருத்த வேண்டாம், வைனோடு சொந்தம் இருப்பது அவர் வாயில்தான் நன்றாகக் கேட்கிறது.

ஏற்காட்டில் என் மாமனார் வீட்டுப் பெட்டியில் நாற்பது ரெக்கார்டுக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை. சில தட்டு கனமாக, ஓரம் உடைந்து இருக்கிறது. வினைல் உடையாது என்று மகன் சொல்கிறான். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். துடைக்கலாமா?

வாசகி, ஏற்காடு

அம்மா, ஸ்பிரிட் பாட்டிலை முதலில் கீழே வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் மகன் சொல்வது சரி, வினைல் அப்படி உடையாது. அப்படியானால் உடைந்திருப்பது வினைல் இல்லை. அது அரக்கு. பாண்டவர்களைக் கொளுத்தப் பார்த்தார்களே, அந்த மாளிகையின் அதே அரக்கு. மரக்கிளையில் ஒரு பூச்சி கசியவிடுகிற பிசின். கிளையோடு ஒடித்தால் கொம்பரக்கு, உருக்கி மெல்லிய தகடாக்கி நொறுக்கினால் அவலரக்கு. அதில் கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தினதுதான் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டு. உலகம் முழுக்கப் பாட்டு கேட்டது நம் நாட்டு அரக்கை வாங்கித்தான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வழி அடைபட்டு அரக்குக்குப் பஞ்சம் வந்தபோது, அமெரிக்காக்காரன் போர்முனைக்கு அனுப்பின தட்டுகளை வினைலில் அடித்தான், போகிற வழியில் உடையாது என்று ஒரு லாபமும் சேர்ந்தது. 1948-ல் கொலம்பியா கம்பெனி எல்.பி (லாங் பிளே) என்கிற வினைல் தட்டைக் கொண்டுவந்தது: 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். அதுவரை பெரும்பாலான தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷத்துக்குள் பாடி முடித்தாக வேண்டும். நம் ஊரில் அரக்குத் தட்டு 1960-களிலும் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கு ஏறும் வழியில் வளைவு மட்டும் மிச்சம் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், அங்கே ஐம்பதுகளில் எடுத்த படங்களின் பாட்டெல்லாம் ஜனங்களிடம் அரக்காகத்தான் போனது.

இப்போது ஸ்பிரிட் கதை. இருபத்திரண்டு வயதில் எனக்கும் இதே யோசனை வந்தது. அப்பாவின் தட்டு ஒன்றில் எண்ணெய்க் கை பட்ட கறை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு வட்டமாக நாலு தேய் தேய்த்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் நாலு தேய். காய்ந்ததும் பார்த்தால் பளபளப்பு போய் சாம்பல் பூத்த மாதிரி ஒரு பட்டை. ஊசியை வைத்ததும் பாடகர் அரைநிமிஷம் பாடிவிட்டு மணல் லாரிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரே சரசரப்பு. அந்த வாரம் சேலம் குகைப் பகுதியிலிருந்து பீரோவுக்குப் பாலீஷ் போட வந்த ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, அரக்கைக் கரைக்க நாங்க வேறென்ன ஊத்துறோம்? ஸ்பிரிட்டுதான். நீங்க ரெக்கார்டுக்குப் பாலீஷ் எடுத்திருக்கீங்க.” அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தட்டை மட்டும் உறையைத் திருப்பிப் போட்டு அடுக்கில் வைத்தார்.

ஆகவே முதலில் இனம் பிரியுங்கள். லேபிளில் சுற்று எண் போட்டிருக்கும், 78 என்றால் பெரும்பாலும் அரக்கு. எண் அழிந்திருந்தால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். அரக்கு ஓட்டாஞ்சல்லி மாதிரி ணங்கென்று சொல்லும், வினைல் தொப்பென்று அடங்கிப் போகும். வளைத்துப் பார்க்கிற சோதனை வேண்டாம், வளைத்துப் பார்த்தால் அரக்கா என்று தெரிந்துவிடும், ஆனால் இரண்டு துண்டாகத் தெரியும்.

பூஞ்சையை வெளித் திண்ணையில் வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் உலர்வாகத் தட்டிவிடுங்கள். அப்புறம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கொஞ்சம், பாத்திரம் தேய்க்கிற திரவம் ஒரு சொட்டு, மென்மையான துணி. கோடு போகிற திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இல்லை. லேபிளில் ஈரம் படக்கூடாது. அரக்குத் தட்டை ஊறவும் போடக்கூடாது, நனைத்த உடனே துடைத்துவிட வேண்டும். பழைய பேப்பர் உறைகளைத் தயவு பார்க்காமல் மாற்றுங்கள், உங்கள் ஊர்ப் பனி குடியிருப்பது அதில்தான். படம் போட்ட அட்டையை மட்டும் வெயிலில் காட்டி வைத்துக்கொள்ளலாம். உள்ளுறைக்கு சாதா பாலிதீன் போதும்; வழவழப்பான தடித்த பி.வி.சி கவர் வேண்டாம், அதிலிருக்கும் எண்ணெய் மாதிரியான சரக்கு கசிந்து எல்.பி-யின் மேல் புகைமூட்டமாகப் படியும். வினைலுக்கு வினைலே ஆகாது.

தோசைக்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். மகன் சேலத்துக்கு எடுத்துவருகிறேன் என்றால் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள். மலையில் பூஞ்சை என்றால் கீழே வெயில். ஒரு மத்தியானம் போதும், அப்பளமாக நெளிந்துவிடும்.

இன்னொன்று மறந்துவிட்டேன். சாவி கொடுக்கிற பழைய கிராமபோன் பெட்டியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் இரும்பு ஊசியில் எல்.பி-யை ஓட்டினால் பாட்டைச் சீவி எடுத்துவிடும். 78 தட்டின் பள்ளம் எல்.பி-யினுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். ஒன்றின் ஊசி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

என் ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் மாற்றி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, பாளம் பாளமாக வெடித்துவிட்டது. இதுவும் உங்கள் வினைல்தானா?

வாசகர், ஐந்து ரோடு

‘உங்கள் வினைல்’ என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள், சரி. ஆமாம், இதுவும்தான். ரெக்சின் என்பது இங்கிலாந்தில் ஒரு கம்பெனியின் பெயர், அது துணியின் மேல் வேறு ஒரு சரக்கைப் பூசியது. அந்தப் பெயரை நாம் வைத்துக்கொண்டோம், இன்று கடையில் ரெக்சின் என்று கிழித்துத் தருவதில் பெரும்பாலும் பி.வி.சி பூசின துணிதான்.

பி.வி.சி பிறவியில் விறைப்பு. எண்ணெய் கலக்காவிட்டால் அது போர் பைப். 1926-ல் வால்டோ செமன் என்ற அமெரிக்கர், ரப்பரையும் இரும்பையும் ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தபோது இதைக் கொதி எண்ணெய் மாதிரியான திரவங்களில் போட்டுச் சூடாக்க, பரோட்டா மாவு மாதிரி இழுத்தால் நீளுகிற சரக்காகிவிட்டது. அவர் தேடின பசை கிடைக்கவில்லை, நமக்கு ரெயின்கோட்டும் சீட்டும் தோட்டத்து ஹோஸும் கிடைத்தன. வெயில் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடும், போகப் போக விறைத்து வெடிக்கும். அதுகூட மெதுவாக நடக்கும். பெட்ரோல் தொட்டுத் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஒன்றரை வருஷத்துக்குக் காரணம், பெட்ரோல் அந்த எண்ணெயை இழுத்துக்கொண்டு போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும். மத்தியானம் ஸ்டாண்டில் நிறுத்தும்போது சீட்டின் மேல் ஒரு ஈரிழைத் துண்டைப் போடுங்கள், சவாரிக்கும் சூடு தெரியாது.

நான் தறிக்காரன். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதில் ‘பி.வி.ஏ’ கலக்கச் சொல்கிறார்கள். அதிலும் வினைல் இருக்கிறதாமே?

வாசகர், அம்மாப்பேட்டை

இருக்கிறது. பாலி வினைல் ஆல்கஹால். மேலே வாத்தியாரிடம் சொன்னேனே, பாட்டிலில் நிற்காது என்று; தனியாக நிற்காததைச் சங்கிலியாகக் கோத்தால் நிற்கிறது. அதையும் நேராகச் செய்ய வழியில்லாமல் பாலி வினைல் அசிட்டேட்டிலிருந்து சுற்றுவழியில்தான் எடுக்கிறார்கள். அந்த அசிட்டேட்டை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள், ஆசாரிகள் கையிலிருக்கும் ஃபெவிகால் டப்பாவில் வெள்ளையாக இருப்பது அதுதான்.

பருத்திக்கு நம் ஊர்க் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவே நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர் கலந்த நூலில் மாவுக்கஞ்சி ஒட்டாமல் உதிரும், அங்கேதான் பி.வி.ஏ-வுக்கு வேலை. வெறும் பருத்திப் பாவுக்கும் கலக்கச் சொன்னால் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். ஜவ்வரிசி ஆலைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு வெளிச்சரக்குக்கு எதற்குக் காசு?

இவ்வளவு இடத்தில் இருக்கிறதே, வினைல் விஷமா?

வாசகி, ஓமலூர்

எந்த வினைல் என்று பார்க்க வேண்டும். வினைல் குளோரைடு வாயு விஷம்தான், சந்தேகமே இல்லை. அதில் வேலை செய்த அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு அபூர்வமான கல்லீரல் புற்றுநோய் வந்தது 1974-ல் வெளியே தெரிந்தது, அதற்கப்புறம்தான் ஆலைகளில் கட்டுப்பாடு இறுகியது. அந்த வாயு கோத்துக்கொண்டு பி.வி.சி-யாகிவிட்டால் சாது. ரத்த வங்கியில் ரத்தம் தொங்குகிற பையே பெரும்பாலும் மிருதுவான பி.வி.சி-தான்.

எரித்தால் மட்டும் சாது இல்லை. உள்ளே இருக்கிற குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகக் கிளம்பும், டையாக்சின் என்கிற கொடிய விஷமும் சேரும். போகிக்குக் கிழிந்த பிளெக்ஸையும் பழைய ரெக்சின் பையையும் தெருமுனையில் கொளுத்துகிறவர்கள் உங்கள் வீதியிலும் இருப்பார்கள், என் வீதியிலும் இருக்கிறார்கள். சொல்லிப் பார்த்தேன். ‘நாலு பேர் சேர்ந்து பண்றதுங்க’ என்றார்கள்.

வகுப்பில் ஒரு பையனை ‘கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாதே’ என்றேன். ‘ரெக்கார்டில் எதற்கு மிஸ் கீறல்?’ என்று கேட்டான். நான் எப்படி விளக்குவது?

ஆசிரியை, ஆத்தூர்

ஒரு கொசுவத்திச் சுருளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தட்டில் நிறைய வட்டங்கள் இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கோடுதான், சுருளாக உள்ளே போகிறது, அதில் ஊசி ஊர்ந்துகொண்டே போகும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் கரை உடைந்து, ஊசி முந்தின சுற்றுக்குச் சறுக்கும். ஒரு சுற்று வந்து மறுபடி அதே கீறல், மறுபடி சறுக்கல். எல்.பி-யில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி, 78 தட்டில் முக்கால் நொடியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு ‘தாயே’ அளவு.

அது எப்படி என்று எனக்கு ஆடி மாதம் ஒன்றில் தெரிந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் விடிகாலை ஐந்து மணிக்குக் குழாய் கட்டி ரெக்கார்டு போட்டுவிட்டு மைக் செட் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார். ‘தாயே தாயே தாயே’ என்று கால் மணி நேரம். முதலில் பக்தி என்றுதான் நினைத்தோம். அப்புறம் பூசாரியே எழுந்துபோய் அவரை உலுக்கினார். அண்ணன் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவி ஒரு நாலணாவை எடுத்து, ஊசி இருக்கிற கைக்கு மேல் பாரமாக வைத்தார். அம்மன் அடுத்த வரிக்குப் போனாள். அவர் திரும்பப் படுத்துக்கொண்டார்.